பதினொரு மாத வாடகை ஒப்பந்தமும் பன்னிரண்டு மாதக் கணக்கும்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயது 31. தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. நானும் என் துணைவியும் 2021 ஜனவரி முதல் 2022 ஆகஸ்ட் வரை பீளமேட்டில் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். வீட்டுக்காரருக்கும் எங்கள் இரு குடும்பங்களுக்கும் நாங்கள் 'ரூம்மேட்'கள், அவ்வளவுதான். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. அது 11 மாதத்துக்கு எழுதியது; பிறகு வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகவே நீட்டித்தார். என் துணைவி மேற்படிப்புக்காகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் போனார். இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து, அதன்பின் கிடைக்கும் வேலை அனுமதியில் இப்போது டொரொன்டோவில் மென்பொருள் உருவாக்குநராக இருக்கிறார். அந்த அனுமதியில் இன்னும் 20 மாதங்கள் மீதம். இடையில் இரண்டு முறை வந்து என்னுடன் தங்கிவிட்டுப் போனார். இந்தியாவில் எங்களால் திருமணம் செய்துகொள்ள முடியாது. நான் அங்கே போய் அவருடன் வாழவும் வேலை செய்யவும் வழி இருக்கிறதா? ஒரு ஏஜென்ட், அமெரிக்க மாநிலம் ஒன்றில் இணையவழியாகத் திருமணப் பதிவு செய்து தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் 18 லட்சம் கொடுத்தால் கனடாவில் வேலைக்கான கடிதத்தையே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையில் ஒரு பயம்: படிக்கப் போகும்போது என் துணைவி எல்லாப் படிவங்களிலும் 'மணமாகாதவர்' என்று எழுதிவிட்டார். விண்ணப்பித்தால் என் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்பது இன்னொரு பயம்."

அன்புள்ள தங்கைக்கு,

வழி இருக்கிறது. திருமணச் சான்றிதழ் இல்லாமலே இருக்கிறது. நீங்கள் இருவரும் பீளமேட்டில் வாழ்ந்த அந்த 20 மாதங்கள்தான் அந்த வழி. ஆனால் அது திறந்திருக்கும் காலம் குறுகியது. என் கணக்கில் உங்களிடம் இருப்பது 4 மாதங்கள். அதற்குள் விண்ணப்பம் போக வேண்டும். அதற்கு முன்பாக அந்த 'மணமாகாதவர்' என்ற சொல்லைச் சரிசெய்ய வேண்டும். ஏஜென்ட்டுகள் சொன்ன இரண்டு வழிகளிலும் தயவுசெய்து கால் வைக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம். கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகள், மனைவி அல்லது கணவருக்குச் சமமாக 'காமன்-லா துணை' என்று ஒருவரை வைத்திருக்கின்றன. தம்பதிக்குரிய உறவில் குறைந்தது ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தவர் என்பதே அதன் பொருள். ஆணா பெண்ணா என்று விதி கேட்பதில்லை. அந்த வாழ்க்கை கனடாவில் நடந்திருக்க வேண்டும் என்றும் கேட்பதில்லை. கோயம்புத்தூரில் வாழ்ந்த ஓராண்டும் ஓராண்டுதான். 12 மாதங்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பத்து நாள் தங்கியது போன்றவற்றால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடாது.

'தம்பதிக்குரிய உறவு' என்றால் என்ன என்பதற்கு அதிகாரிகள் பிடித்துக்கொள்ளும் அளவுகோலைக் கனடா உச்ச நீதிமன்றம் 1999-ல் 'எம் எதிர் எச்' என்ற வழக்கில் எடுத்துரைத்தது. ஒரே கூரை, தனிப்பட்ட நெருக்கம், வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்வது, சேர்ந்து வெளியில் பழகுவது, பணத்தில் ஒருவரையொருவர் தாங்குவது, குழந்தைகள், சுற்றியிருப்பவர்கள் இவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாமே எல்லா உறவிலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் எதிரெதிரே நின்றவர்கள் யார் தெரியுமா? பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து பிரிந்த இரண்டு பெண்கள். இன்று ஆணும் பெண்ணுமான தம்பதிகளின் கோப்புகளுக்கும் அதே அளவுகோல்தான் பயன்படுகிறது. இதை உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு. உங்கள் கடிதம் முழுவதும் ஏதோ சலுகை கேட்கும் குரல் இருக்கிறது. நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. விதியில் உள்ளதைக் கேட்கிறீர்கள்.

இதே விதியில், துன்புறுத்தலாலோ தண்டனைச் சட்டத்தாலோ சேர்ந்து வாழ முடியாமல் போனவர்களுக்கு ஒரு விலக்கும் உண்டு. யாராவது உங்களை அந்த வழிக்குத் திருப்பினால் போகாதீர்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து மனமொத்த உறவை விடுவித்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் சேர்ந்து வாழ்ந்தும் காட்டியிருக்கிறீர்கள். வலுவான வாதம் கையில் இருக்கும்போது பலவீனமான வாதத்தை எடுத்து நீட்டக் கூடாது. 'கான்ஜுகல் பார்ட்னர்' என்ற பிரிவைப் பற்றியும் இணையத்தில் படித்திருப்பீர்கள். அது கனடாவின் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்றவர் தன் துணையை அழைத்துக்கொள்வதற்கானது. வேலை அனுமதியில் இருக்கும் உங்கள் துணைவிக்கு அது இப்போது பொருந்தாது.

இனி உங்கள் வாடகை ஒப்பந்தம். நம் ஊரில் ஏன் எல்லோரும் 11 மாதத்துக்கு எழுதுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பழகிப்போன வழக்கம். கனடா கேட்பதோ 12 மாதம். முத்திரைத்தாளில் இருவர் பெயரும் இருப்பது பெரிய பேறு. பல ஜோடிகளுக்கு அதுவும் இருப்பதில்லை. ஆனால் அந்தத் தாள் 2021 நவம்பர் கடைசியோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறது. ஆகவே 2021 டிசம்பர் முதல் 2022 ஆகஸ்ட் வரையிலான ஒன்பது மாதங்களுக்கு வேறு தாள்கள் பேச வேண்டும். உங்கள் முழு உழைப்பையும் முதலில் இந்த இடத்தில் போடுங்கள்.

வாடகையை வங்கிக் கணக்கிலிருந்தோ கூகுள் பே வழியாகவோ அனுப்பியிருந்தால், அந்த மாதங்களின் வங்கி அறிக்கையை வங்கியிடமே கேட்டு வாங்குங்கள். நீங்கள் வீட்டுக்காரருக்கு முழுத்தொகையை அனுப்பி, துணைவி தன் பாதியை உங்களுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வரிகளைக் குறித்துக் காட்டுங்கள். வாடகையை உயர்த்துவதாக வீட்டுக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறதா? எடுத்து வையுங்கள். சிலிண்டர் பதிவு, இணைய இணைப்பின் ரசீது, அந்த முகவரிக்கு உங்கள் பெயரிலும் அவர் பெயரிலும் வந்த பார்சல்களின் பட்டியல், அவருடைய அலுவலகம் அந்த முகவரியிட்டு அனுப்பிய கடிதம் எல்லாம் வேண்டும். மின்கட்டண அட்டை வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். கவலைப்பட வேண்டாம், கட்டியது உங்கள் கணக்கிலிருந்து என்றால் அதுவும் சான்றுதான்.

2021-ஐ நன்றாக நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. பலர் சொந்த வீட்டுக்கு ஓடிய காலத்தில் நீங்கள் இருவரும் அந்த வாடகை வீட்டிலேயே இருந்தீர்களா? இருந்தீர்கள் என்றால், உறவைப் பற்றி அதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று அதிகம் கிடையாது. தடுப்பூசிக்கு கோவின் தளத்தில் ஒரே கைபேசி எண்ணில் நான்கு பேர் வரை பதிவு செய்யலாம் என்று அப்போது இருந்தது. அப்படி ஒரே எண்ணில் பதிவு செய்து, ஒரே நாளில், ஒரே மையத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தால், இருவரின் சான்றிதழ்களையும் அந்தக் குறுஞ்செய்திகளையும் தேடி எடுங்கள். பலர் நல்ல புகைப்படங்களைத் தேடித் தேடி அனுப்புகிறார்கள். இப்படிப்பட்ட சின்னத் தாள்களை மறந்துவிடுகிறார்கள். அனுபவமுள்ள அதிகாரி இவற்றைத்தான் நம்புவார், ஏனென்றால் விசாவுக்காக யாரும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இவற்றைத் தயாரித்து வைத்திருக்க முடியாது.

இப்போது கடினமான பகுதி. இத்தனை தாள்களும் காட்டுவது நீங்கள் ஒரே வீட்டில் இருந்தீர்கள் என்பதை. இரண்டு தோழிகள் செலவைப் பங்கிட்டு வாழ்ந்தாலும் இதே தாள்கள்தானே இருக்கும்? இத்தனை ஆண்டுகளாக நீங்கள் ஊருக்குக் காட்டிய முகம் அதுதான். ஆகவே முகவரிக்கு ஒரு சாட்சி, உறவுக்கு வேறு சாட்சி என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இருவரும் என் வீட்டில் குடியிருந்தார்கள் என்று மட்டும் ஒரு கடிதம் வாங்குங்கள். உறவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுத வேண்டியதில்லை. நீங்களும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. உண்மை தெரிந்த நண்பர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்கள் நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும். அதில் "இருவரும் அன்பானவர்கள்" என்ற பொதுச் சொற்கள் வேண்டாம். எப்போது, யார் வாயால் இந்த உறவைத் தெரிந்துகொண்டார்கள், அந்த வீட்டுக்கு எத்தனை முறை வந்தார்கள், வந்தபோது என்ன கண்டார்கள் என்று எழுதட்டும்.

அதோடு உங்கள் இருவருடைய விளக்கக் கடிதம். நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் ஒரு வரி இருந்தது: துணைவிக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் சேர்த்தபோது, படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்ற கட்டத்தில் 'தோழி' என்று எழுதிவிட்டு நான்கு இரவு அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாக. அந்தப் படிவத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, ஏன் அந்தச் சொல்லை எழுத வேண்டியிருந்தது என்ற உங்கள் இரண்டு வரி விளக்கம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். குடும்பத்துக்கு மறைத்தே வாழ வேண்டியிருந்தது என்பதை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஒரே பாலினத் தம்பதிகள் பல நாடுகளில் தங்கள் உறவை வெளியில் சொல்ல முடியாது என்பது கனடா அதிகாரிகளுக்குப் புதிய செய்தி அல்ல. சொல்லாமல் விட்டால்தான், பெற்றோர் யாரும் சாட்சி சொல்லவில்லையே என்ற கேள்வி நிற்கும்.

இன்னொன்று: வாட்ஸ்அப் உரையாடலை 900 பக்கம் அச்செடுத்து அனுப்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு பக்கம் என்று, 2022 முதல் இன்றுவரை தொடர்ச்சி தெரியும்படி எடுத்தால் போதும். அந்தரங்கமான படங்கள் எதுவும் வேண்டவே வேண்டாம். எந்த அதிகாரியும் அதைக் கேட்பதில்லை. எந்த ஆலோசகராவது கேட்டால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். தமிழில் உள்ள ஆவணங்கள் அனைத்துக்கும் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும்.

2022 ஆகஸ்டுக்குப் பிறகு தனித்தனியாக இருக்கிறீர்களே, உறவு முடிந்துவிட்டதாகக் கருதமாட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்து அந்த நிலை ஒருமுறை உருவாகிவிட்டால், படிப்பு, வேலை போன்ற காரணங்களால் தற்காலிகமாகப் பிரிந்திருப்பது அதை முறித்துவிடாது. கூடிய விரைவில் மீண்டும் சேர்ந்து வாழும் எண்ணம் இருப்பதைக் காட்ட வேண்டும். இங்கே உங்களுக்கு ஓர் இடறல் இருக்கிறது. 2024 மார்ச் வரை, டிப்ளமா படிக்கும் மாணவர்களின் துணைகளுக்கும் வேலை அனுமதி கிடைத்துவந்தது. அப்போது ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று அதிகாரி தனக்குள் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே விளக்கக் கடிதத்தில் பதில் இருக்கட்டும்: விதி தெரியாது, வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், தங்கைக்குத் திருமணம் முடியும்வரை பொறுத்திருந்தது என எது உண்மையோ அது. அவர் வந்துபோன இரண்டு முறைகளின் கடவுச்சீட்டு முத்திரைகளும், நீங்கள் சேர்ந்து தங்கிய இடங்களின் ரசீதுகளும் இதற்குப் பக்கபலம்.

அனுமதியின் கதைக்கு வருவோம். நீங்கள் கேட்கப்போவது, குறிப்பிட்ட முதலாளியோடு கட்டிப்போடாத, 'ஓப்பன் வொர்க் பெர்மிட்' என்று எல்லோரும் சொல்லும் திறந்த வேலை அனுமதி. உங்களுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருக்க வேண்டிய அவசியம் இதற்கு இல்லை. ஆனால் 2025 ஜனவரி 21 முதல் இதை வெகுவாக இறுக்கிவிட்டார்கள். இப்போது பார்ப்பது உங்கள் துணைவியின் வேலையை. கனடாவின் தொழில் வகைப்பாட்டில் டீர் 0, டீர் 1 என்ற மேல்படிகளில் உள்ள வேலை செய்பவர்களின் துணைகளுக்கும், டீர் 2, 3-ல் தேர்ந்தெடுத்த சில தொழில்களில் இருப்பவர்களின் துணைகளுக்கும் மட்டுமே கிடைக்கும். மென்பொருள் உருவாக்குநர் டீர் 1. ஆகவே அந்தக் கதவு திறந்திருக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை: பதவியின் பெயரைப் பார்த்து முடிவு செய்யமாட்டார்கள், செய்யும் வேலையைப் பார்ப்பார்கள். அவருடைய நிறுவனம் கொடுக்கும் கடிதத்தில் அன்றாடப் பணிகள், சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பவை தெளிவாக இருக்க வேண்டும். அண்மைய சம்பளச் சீட்டுகளும், இருந்தால் வருமான வரித் துறையின் மதிப்பீட்டு அறிக்கையும் சேர்க்கட்டும்.

இரண்டாவது நிபந்தனைதான் உங்கள் கடிகாரம். உங்கள் விண்ணப்பம் போய்ச் சேரும் நாளில் துணைவியின் வேலை அனுமதியில் குறைந்தது 16 மாதங்கள் மீதமிருக்க வேண்டும். இன்று 20. நான்கு மாதங்களைத் தாண்டிவிட்டால், எவ்வளவு அழகான கோப்பைத் தயாரித்து வைத்தாலும், அவருடைய அனுமதியில் 15 மாதம்தான் மீதம் என்றால் பயனில்லை. ஆகவே எல்லாம் கச்சிதமாக அமையட்டும் என்று காத்திருக்காமல், மூன்றாவது மாத முடிவில் கையில் உள்ளதைக் கொண்டு அனுப்பிவிடுவதே நல்லது. உங்கள் கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது என்றும் பாருங்கள். அனுமதி அதைத் தாண்டி நீளாது.

இனி 'மணமாகாதவர்'. தங்கையே, உங்கள் கோப்பில் உண்மையில் ஆபத்தான இடம் இது ஒன்றுதான். அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு இரண்டே பதில்கள்: ஆயிற்று, ஆகவில்லை. கனடாவின் படிவத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. 2022-ல் உங்கள் துணைவி அதை நிரப்பியபோது சட்டப்படி அவர் அந்த மூன்றாவது பிரிவில் இருந்தார். அவருக்கு அது தெரியாது. தாய்தந்தையரின் முன்னிலையில் யாரோ ஒரு கன்சல்டன்சிக்காரர் நிரப்பியிருப்பார். ஆனால் குடும்ப விவரப் படிவத்தில், எனக்குத் துணைவரோ காமன்-லா துணையோ இல்லை என்று உறுதி கூறித் தனியாகக் கையெழுத்திடும் ஓர் இடம் உண்டு. அதில் அவர் கையெழுத்து இருக்கக்கூடும். இப்போது நீங்கள் 2021 முதலே துணை என்று சொல்லும்போது, அதிகாரி கணினியில் பழைய படிவத்தைத் திறந்து பார்ப்பார். இரண்டில் ஒன்று பொய் என்றுதான் முதலில் தோன்றும். முக்கியமான உண்மையைத் திரித்தோ மறைத்தோ சொன்னதாக முடிவு செய்தால் 5 ஆண்டுத் தடை வரலாம். அது உங்களை மட்டுமல்ல, அவருடைய அனுமதியையும் தொடும். ஆகவே இந்த முடிவை நீங்கள் தனியாக எடுக்கக் கூடாது. அவரும் முழு மனத்தோடு சேர்ந்து எடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. இந்த வாரமே அவர் கனடாவின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் தன் பழைய விண்ணப்பங்களின் நகலைக் குடிவரவுத் துறையிடம் கேட்கட்டும். கட்டணம் 5 டாலர். சட்டப்படி 30 நாளில் தர வேண்டும். சில சமயம் இழுக்கும். எந்தப் படிவத்தில் என்ன எழுதினார் என்று நினைவை நம்பி எதுவும் செய்யாதீர்கள், தாளைப் பாருங்கள். பிறகு, துறை கேட்பதற்கு முன்பே, அவர் தானாக எழுத்துமூலம் திருத்தம் கொடுக்க வேண்டும்: இன்ன தேதி முதல் இன்னாருடன் சேர்ந்து வாழ்ந்தேன், காமன்-லா என்ற நிலையைப் பற்றி அறிந்திருக்கவில்லை, பெண்ணோடு வாழ்வதை எழுதினால் குடும்பத்துக்குத் தெரியுமோ என்று அஞ்சினேன், இப்போது திருத்துகிறேன். அறியாமையா, அச்சமா, இரண்டுமா என்பதில் எது உண்மையோ அதை மட்டும் எழுதட்டும். அதன் நகல் உங்கள் விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். இந்த ஒரு கடிதத்தை மட்டுமாவது உரிமம் பெற்ற ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிவிட்டு அனுப்புங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு ஆலோசனை சொல்பவர் மாகாண வழக்கறிஞர் சங்கத்திலோ குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் 'கல்லூரி' என்ற ஒழுங்குமுறை அமைப்பிலோ உறுப்பினராக இருந்தாக வேண்டும். கல்லூரியின் பெயர்ப்பட்டியல் அதன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.

உங்கள் விண்ணப்பத்தில் நீங்கள் 'காமன்-லா' என்று குறித்து, தேதி கேட்கும் இடத்தில் இருவரும் ஒரே தேதியை எழுதுங்கள். காமன்-லா உறவுக்கான பிரமாணப் படிவம் ஒன்று துறையே வைத்திருக்கிறது. அதையும் நிரப்பி உறுதிமொழி எடுக்க வேண்டும்.

அந்த இரண்டு ஏஜென்ட்டுகள். இணையவழித் திருமணத்தைக் கனடா குடிவரவுச் சட்டம் 2015 ஜூன் முதல் ஏற்பதில்லை. திருமணம் நடக்கும் இடத்தில் இருவரும் நேரில் இருந்தாக வேண்டும். அமெரிக்க மாநிலம் கொடுக்கும் சான்றிதழ் அந்த மாநிலத்தில் செல்லும் என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்குவார்கள். உங்களுக்கு வேண்டிய இடத்தில் அது செல்லாது. அதைவிட மோசம், உண்மையான உறவுள்ள உங்கள் கோப்புக்குள் சந்தேகத்துக்குரிய ஒரு தாளை நீங்களே காசு கொடுத்து நுழைத்ததாகும். 18 லட்சக்காரரைப் பற்றிப் பேசவே எனக்கு வயிறு எரிகிறது. அவர் விற்பது, வெளிநாட்டவரை வேலைக்கு அமர்த்த முதலாளிகள் பெற வேண்டிய ஒப்புதலை. அதை வேலைக்கு வருபவரிடம் விற்பது கனடாவில் சட்டவிரோதம். அந்தத் தாள்களுக்கான சந்தையை ஒடுக்கத்தான் 2025 மார்ச்சில், நிரந்தர வதிவுரிமைத் தேர்வில் வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு இருந்த கூடுதல் மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு ஆகும் அரசுக் கட்டணம் என்ன தெரியுமா? அனுமதிக்கு 155 டாலர், திறந்த அனுமதி என்பதற்காக 100, கைரேகைக்கு 85. ஆக 340 கனடா டாலர். மருத்துவப் பரிசோதனையும் மொழிபெயர்ப்பும் நோட்டரியும் தனி. 18 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒருவேளை விண்ணப்பம் மறுக்கப்பட்டால்? மறுப்பு என்பது தடை அல்ல. காரணத்தை வாங்கிப் பார்த்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். இன்னொரு வழி, நேரிலேயே உண்மையான திருமணம். 2023 அக்டோபர் 17 அன்று நம் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. கனடாவில் 2005 முதல் அது நாடு தழுவிய சட்டம். ஒன்டாரியோவில் திருமணம் செய்துகொள்ள அங்கே வசிப்பவராக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்வையாளர் விசாவில் போய்த் திருமணம் செய்துகொண்டால் 12 மாதக் கணக்கே தேவைப்படாது. ஆனால் பார்வையாளர் விசா கிடைப்பது உறுதியில்லை. அந்த விண்ணப்பத்திலும் துணைவியைப் பற்றிய உண்மையை எழுதித்தான் கேட்க வேண்டும். ஆகவே இது எனக்கு இரண்டாம் தெரிவு.

வீட்டுக்குத் தெரியுமா? விண்ணப்பம் முழுவதும் இணையவழி. கடிதங்கள் உங்கள் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் வரும். பெற்றோரின் பெயரும் முகவரியும் படிவத்தில் கேட்பார்கள்; அதற்காக அவர்களுக்குக் கடிதம் போடுவதில்லை. புதிய மின்னஞ்சல் ஒன்றை இதற்கென்றே உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை உங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கவனமாக இருக்க வேண்டிய இடம் கடவுச்சீட்டு திரும்பி வருவது. கூரியர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நேரில் பெற்றுக்கொள்ளும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். கைரேகைக்குச் சென்னை விசா மையத்துக்குப் போகும் நாளுக்கு ஒரு காரணம் சொல்ல உங்களுக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிப் பழகியவர்தானே.

இங்கே இன்னொரு விஷயம். 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணை அவருடைய விருப்பத்துக்கு மாறாகக் குடும்பத்தார் தடுத்து வைத்திருந்த வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று சொல்லி, அவர் தன் துணையுடன் போக வழி செய்தது. தெரிந்த பிறகு உங்களை யாராவது வீட்டில் அடைத்து வைத்தாலோ கடவுச்சீட்டைப் பிடுங்கினாலோ, உங்கள் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கடவுச்சீட்டையும் சான்றிதழ்களின் மூலங்களையும் நம்பிக்கையான தோழியிடம் இப்போதே கொடுத்து வைப்பது தவறில்லை.

அடுத்து ஒரு வலை. உங்கள் துணைவி, மதிப்பெண் போட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறை வழியாக நிரந்தர வதிவுரிமைக்குப் பெயர் கொடுத்திருப்பார் அல்லது கொடுக்கப்போகிறார். அதில் துணை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் மதிப்பெண் போடும் முறை வேறு. வயதுக்கு மட்டும் எடுத்துக்கொண்டால், தனியாக இருப்பவருக்கு அதிகபட்சம் 110, துணை உள்ளவருக்கு 100. அந்தச் சில புள்ளிகளுக்காக, இப்போதைக்குத் தனியாள் என்றே போட்டுவிடு, பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அவர் கேட்டுவிடக் கூடாது. நிரந்தர வதிவுரிமை பெறும்போது அறிவிக்காமல் விட்ட துணையைப் பின்னர் குடும்பப் பிரிவில் அழைக்க விதி இடம் தருவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து, என்னோடு ஐந்து வருடம் வாழ்ந்தவள்தான், எனக்குத் தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்று அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அவருடைய கோப்பில் செய்வதற்கு அப்போது அதிகம் எதுவும் மிச்சமில்லை. உங்கள் துணைவி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அதுதான் எனக்கு ஆறுதல்.

உங்கள் வேலையைப் பற்றிக் கடைசியாக. திறந்த அனுமதி இருந்தாலும் ஒன்டாரியோ அரசுப் பள்ளியில் பாடம் நடத்த ஆசிரியர்களுக்கு உரிமம் கொடுக்கும், 'ஆசிரியர் கல்லூரி' என்ற அந்த மாகாண அமைப்பிடம் சான்று பெற வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல்கள் நேரடியாகப் போக வேண்டியிருக்கும். இங்கிருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். குடிவரவுக்கான மருத்துவப் பரிசோதனையைக் கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் முன்கூட்டியே முடித்துவிட்டால், பள்ளியில் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை உங்கள் அனுமதியில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

துணைவியின் பழைய விண்ணப்பங்களின் நகல் கைக்கு வந்ததும், அந்தக் குடும்ப விவரப் படிவத்தின் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். திருத்தக் கடிதத்தின் முதல் வரி அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கட்டணம் எதுவும் வேண்டாம்.